மூன்றுக்குக் கீழே இறங்கிய ஜி.பி.ஏ.: மருத்துவக் கல்லூரிக்கு இனி வழி உண்டா?

டாக்டருக்குப் படிக்கிறேன் என்று கல்லூரிக்குள் போன பிள்ளை, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். அமெரிக்காவில் பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவம். அதனால் கல்லூரியில் வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஏ என்றால் 4, பி 3, சி 2 என்று போட்டு எடுக்கும் சராசரிதான் ஜி.பி.ஏ. இங்கே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கற்பித்தவள் நான். மருத்துவத்துக்குத் தயாராகும் ப்ரீ-மெட் மாணவர்களுக்கான ஆலோசனைக் குழுவிலும் நெடுநாள் இருந்தேன். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் ஏ வாங்கியவள். கல்லூரியில் முதல் ஆண்டு 3.4, அடுத்த ஆண்டு 2.6, போன ஆண்டு 2.7. மொத்தம் 2.9. அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்தால் 2.6தான். "இந்தக் கோடையிலேயே எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) எழுதி விண்ணப்பித்துவிடுகிறேன், கடைசி வருஷம் எல்லாவற்றிலும் ஏ வாங்கிக் காட்டுகிறேன்" என்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் விண்ணப்பிக்கிறார்களாம். நாங்கள் என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இந்தக் கோடையில் விண்ணப்பம் வேண்டாம், ஐயா. மற்றதை எல்லாம் பேசுவதற்கு முன் இதை மகளிடம் பேசிவிடுங்கள்.

எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே இதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் மே மாதம் திறக்கும். மே கடைசியிலிருந்து அனுப்பலாம். ஜூன் கடைசியில் கல்லூரிகளின் கைக்குப் போகும். இப்போது அனுப்பினால் அவர்கள் பார்க்கப்போவது இந்த 2.9ஐத்தான். கடைசி வருஷம் அவள் வாங்கப்போகிற ஏ ஒன்றுகூட அதில் இருக்காது. பணமும் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் கல்லூரிக்கு 175 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் நாற்பது டாலருக்கு மேல். இருபது கல்லூரிக்குப் போட்டால் ஆயிரம் டாலர் தாண்டிவிடும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் கட்டணம் இதில் சேராது. எல்லாவற்றையும்விட, நிராகரிக்கப்பட்ட பிறகு மறுபடி விண்ணப்பிக்கும்போது "போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. தயாரான பிறகு ஒரே ஒரு முறை விண்ணப்பிப்பதுதான் அவளுக்கு நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்து போடுங்கள். மூன்று ஆண்டில் 90 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) முடித்திருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். 90ஐ 2.9ஆல் பெருக்கினால் 261 புள்ளி. கடைசி ஆண்டு 30 கிரெடிட்டிலும் ஏ வாங்கினால் இன்னும் 120 புள்ளி. 381ஐ 120ஆல் வகுத்தால் 3.18 வரும். பட்டம் வாங்கிய பிறகு மேற்கொண்டு ஒரு வருஷம் 30 கிரெடிட் படித்து, அதிலும் ஏ மட்டுமே வாங்கினால் 3.34. அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.77ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கிறது. 3.77க்கு உங்கள் மகள் போய்ச் சேர வேண்டுமானால், இன்னும் 340 கிரெடிட்டுக்கு ஏ தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. வருஷத்துக்கு 30 என்றால் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

உங்களைக் கலங்கவைக்க இதைப் போட்டுக் காட்டவில்லை. மொத்த எண்ணைத் துரத்திப் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டால், எதன்மேல் உழைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஏனென்றால் விண்ணப்பத்தைப் பிரிக்கும் குழு உறுப்பினர் முன்னால் ஒற்றை எண் மட்டும் வந்து நிற்பதில்லை. ஆம்காஸ் ஒரு கட்டம் போட்டுத் தருகிறது. முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு (போஸ்ட்-பேக்) என்று வரிவரியாக இறங்கும். பக்கவாட்டில் மூன்று பத்திகள்: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்து ஒன்று, மற்றப் பாடங்கள் ஒன்று, மொத்தம் ஒன்று. உங்கள் மகளுடைய கட்டத்தில் இப்போது மேலிருந்து கீழே 3.4, 2.6, 2.7 என்று இருக்கிறது. அதன் கீழே ஒரு 3.9, அதற்கும் கீழே போஸ்ட்-பேக் வரியில் இன்னொரு 3.9 வந்தால், பார்க்கிறவருக்கு அது வேறு ஒரு மாணவியின் கட்டம். அறிவியல் பத்தி சீக்கிரமாகவும் நகரும், ஏனென்றால் அதில் கிரெடிட் குறைவு. 48 கிரெடிட்டில் 2.6 என்று இருப்பது, மேற்கொண்டு 48 கிரெடிட் அறிவியலில் ஏ வாங்கினால் 3.3 ஆகிவிடும். ஏறுமுகம் என்று இங்கே சொல்வது இதைத்தான். 3.3 வைத்துக்கொண்டு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்; எல்லாருடைய கட்டத்திலும் கடைசி இரண்டு வரி அப்பழுக்கில்லாமல் இருந்தது.

ஆனால் "ஏ வாங்கிக் காட்டுகிறேன்" என்று சொல்வதால் மட்டும் ஏ வந்துவிடாது. போன இரண்டு வருஷமும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பாள். மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பாள். ஆகவே அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன்னால், சரிவு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைக்காதது இந்த ஒன்றுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்த்த காரணம் ஒன்று உண்டு. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. பயாலஜியில் முழு மதிப்பெண்ணான 5 வாங்கியிருப்பார்கள். அந்த கிரெடிட்டை வைத்துக்கொண்டு பொது வேதியியலைத் தாண்டி நேராக ஆர்கானிக்கில் போய் உட்காருவார்கள். ஒரு வருஷம் மிச்சம் என்று அப்பா அம்மாவுக்கும் சந்தோஷம். கல்லூரிப் பரீட்சை எப்படிக் கேட்கும் என்று பழகுவதற்கு முன்பே கஷ்டமான பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதோடு 18 கிரெடிட், ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனையில் தன்னார்வப் பணி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பது, மார்கழியில் அரங்கேற்றம். ஒவ்வொன்றும் நல்லதுதான். எல்லாம் ஒரே வாரத்தில் வந்தால் தூக்கம்தான் போகும்.

வேறு காரணமும் இருக்கலாம். மனச்சோர்வாக இருக்கலாம். கவனம் நிலைக்காத சிக்கல், பள்ளியில் புத்திசாலித்தனத்தால் மறைந்திருந்து இப்போது வெளியே வந்திருக்கலாம். ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம். கல்லூரியிலேயே மாணவர் நல மையமும் மனநல ஆலோசகரும் இருப்பார்கள். அங்கே போனது மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எங்கும் வராது. இதைச் சொல்லியும் தயங்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தயங்காதீர்கள்.

படிக்கும் முறையில்தான் கோளாறு என்றால், அதைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் திருத்திக் கொடுத்த விடைத்தாள். என் அறைக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு மாணவனின் தாளை வைத்துச் சொல்கிறேன். கேள்வியில் நான்கு கார்பன் சங்கிலி, நுனியில் ஒரு புரோமின். அம்புக்குறிக்கு மேலே சோடியம் எத்தாக்சைடு. விளைபொருள் என்ன என்று கேட்டால், புரோமின் போன இடத்தில் எத்தாக்சி வந்து சேரும் என்று சரியாக எழுதியிருந்தான். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வளைந்த அம்புகள் இல்லை. பாதி மதிப்பெண் போயிற்று. அடுத்த கேள்வியில் அதே சங்கிலி, ஆனால் மேலே பொட்டாசியம் டெர்ட்-பியூடாக்சைடு. அது பருமனான காரம். கார்பனை நெருங்க இடம் இல்லாமல் பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கும், இரட்டைப் பிணைப்பு உருவாகும். இவன் அதற்கும் முதல் விடையையே எழுதியிருந்தான். முந்நூறு அட்டை எழுதி மனப்பாடம் செய்திருந்தான் அந்தப் பிள்ளை. உழைப்பில் குறையே இல்லை. அட்டையின் முன்பக்கத்தில் வினை, பின்பக்கத்தில் விடை. ஏன் என்பதற்கு அட்டையில் இடமே இல்லை. அட்டைகளை வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் வினை நடக்கும் வழியை ஒவ்வொரு படியாக வரைந்து, "காரத்தை மாற்றினால் என்ன ஆகும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஆரம்பத்தில் ஒரு வினைக்கு அரைமணி நேரம் பிடித்தது. இரண்டாம் செமஸ்டரில் பி பிளஸ் வாங்கினான், பயோகெமிஸ்ட்ரியில் ஏ.

உங்கள் மகளும் பழைய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய் உட்கார வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் போகக் கூடாது. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே போக வேண்டும்.

கடைசி ஆண்டில் செமஸ்டருக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு கிரெடிட் போதும். பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் போகட்டும். அறிவியல் பாடம் இரண்டு எடுக்கலாம்: பயோகெமிஸ்ட்ரி ஒன்று, உடலியங்கியலோ மரபியலோ ஒன்று. இரண்டிலும் ஏ வந்தால் அடுத்த செமஸ்டரில் மூன்று. மருத்துவமனைப் பணியை வாரத்துக்கு நாலு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், விட வேண்டாம். அப்புறம் ஒரு வருஷம் போஸ்ட்-பேக். இதற்கென்றே தனித் திட்டம் நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பட்டதாரியாகப் பதிவு செய்து வேண்டிய பாடங்களைத் தானே தேர்ந்தெடுத்தாலும் ஆம்காஸ் இரண்டையும் ஒன்றுபோலத்தான் கணக்கில் எடுக்கும். திட்டத்தைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அறிவியலே படிக்காமல் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கான திட்டம் வேறு, மதிப்பெண்ணை உயர்த்த வருகிறவர்களுக்கான திட்டம் வேறு. முதல் வகை உங்கள் மகளைச் சேர்க்காது.

எம்கேட்டை அந்தப் பாடங்கள் முடிந்த பிறகு எழுதட்டும். மதிப்பெண் 472 முதல் 528 வரை. சேர்கிறவர்களின் சராசரி 511, 512. ஜி.பி.ஏ. குறைந்தவர்களுக்கு அதற்கு மேலேயே தேவைப்படும். எழுதிய ஒவ்வொரு முறையின் மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். அதனால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்பது கூடாது. மாதிரித் தேர்வுகளில் வேண்டிய மதிப்பெண் திரும்பத் திரும்ப வந்த பிறகு தேதி பதியட்டும்.

மொத்தத்தில் விண்ணப்பம் இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. இருபத்திமூன்று, இருபத்துநான்கு வயதில் மருத்துவக் கல்லூரிக்குள் போவது இங்கே சாதாரணம். பட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வருஷம் விட்டுப் போகிறவர்கள்தான் இப்போது அதிகம். கோவிலிலோ கல்யாணத்திலோ யாராவது "பொண்ணு மெடிக்கல் சேர்ந்தாச்சா?" என்று கேட்டால் "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். அவளைச் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதியில் சி மைனஸ், இரண்டாம் பகுதியில் சி பிளஸ் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் கோடையில் இரண்டு ஆண்டுக் கம்யூனிட்டி காலேஜில் மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் சொன்னார். உண்மையா?
— ஒரு மாணவர், ஷாம்பர்க், இல்லினாய்

பதில்: அழியாது, தம்பி. உங்கள் கல்லூரி தன் சான்றிதழில் பழையதை நீக்கிப் புதியதைக் கணக்கில் எடுக்கலாம். ஆம்காஸ் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடும். சி மைனஸும் ஏயும் சேர்ந்தால் சராசரி 2.85. எம்.டி.க்கு இணையான டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டம் தரும் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில் முன்பு பழைய மதிப்பெண்ணுக்குப் பதில் புதியதை எடுத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2017ல் அதையும் எடுத்துவிட்டார்கள். சீனியர் சொன்னது அந்தக் காலத்துச் செய்தியாக இருக்க வேண்டும்.

சி மைனஸை மறுபடி எடுங்கள். அடிப்படைப் பாடங்களில் குறைந்தது சி வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. சி பிளஸை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பயோகெமிஸ்ட்ரி எடுத்து ஏ வாங்கினால், ஆர்கானிக் புரிந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கம்யூனிட்டி காலேஜைத் தாழ்வாக நினைப்பவள் அல்ல நான். வேலை பார்த்துக்கொண்டு, பணம் மிச்சம் பிடித்து அங்கே படித்த நல்ல மாணவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான்கு ஆண்டுக் கல்லூரியில் இருக்கும் நீங்கள் சி வாங்கிய பாடத்துக்கு மட்டும் அங்கே போனால், கஷ்டத்தைத் தவிர்க்கப் போனதாகவே படும். முடிந்தவரை உங்கள் கல்லூரியிலேயே எடுங்கள். எட்டு வாரக் கோடை வகுப்பில் ஆர்கானிக் வேண்டவே வேண்டாம்.

எடுத்த பாடத்தில் மறுபடி தடுமாறினால், விலகுவதற்கான கடைசித் தேதிக்கு முன்னால் விலகிவிடுங்கள். சான்றிதழில் ஒரு டபிள்யூ வரும், அது ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. ஒன்றை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். நாலைந்து சேர்ந்தால் கேள்வி வரும்.

கேள்வி: என் மகன் 3.2 ஜி.பி.ஏ.வோடு பட்டம் வாங்கினான். எம்கேட் 506. எம்.டி. கல்லூரிகளில் ஒரு நேர்காணல்கூட வரவில்லை. கரீபியன் தீவில் ஒரு கல்லூரி உடனே சீட் தருகிறது. என் அண்ணன் "இந்தியாவுக்கு அனுப்பு" என்கிறார். மகன் ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படித்து மதிப்பெண்ணை உயர்த்தப் போவதாகச் சொல்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 
— ஒரு தாய், ஷார்லட், வட கரோலினா

பதில்: நீங்கள் எழுதியதில் ஒரு வழியைக் காணவே இல்லை, அம்மா: டி.ஓ. கல்லூரிகள். ஆஸ்டியோபதி மருத்துவத்தின் முதல் கல்லூரியை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892ல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் தொடங்கினார். இன்று டி.ஓ. படித்தவர் அறுவை சிகிச்சை செய்கிறார், மருந்து எழுதுகிறார், ஐம்பது மாநிலத்திலும் முழு உரிமத்தோடு தொழில் செய்கிறார். பட்டத்துக்குப் பிறகான ரெசிடென்சி பயிற்சியும் 2020லிருந்து எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. "எம்.டி. இல்லையென்றால் டாக்டரா?" என்று நம்மவர்கள் கேட்பது தெரியாமல் கேட்பது. டி.ஓ. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி ஏறத்தாழ 3.6, எம்கேட் 504 சுற்றி. மகனின் எம்கேட் அதற்கு மேலேயே இருக்கிறது. அறிவியல் பாடங்களில் ஒரு வருஷம் நல்ல மதிப்பெண் காட்டிவிட்டு, டி.ஓ.வையும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும்.

அவன் சொல்லும் மாஸ்டர்ஸ் பற்றி. இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மாஸ்டர்ஸ் மதிப்பெண் தனி வரியில் வரும், இளநிலை 3.2 அப்படியே இருக்கும். போஸ்ட்-பேக்தான் இளநிலைக் கணக்கில் சேரும். அப்படியானால் ஜார்ஜ்டவுன், பாஸ்டன் பல்கலைக்கழகங்களில் நடப்பதுபோன்ற ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் எதற்கு என்றால், மருத்துவக் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பாடம் வைத்து, இவன் தாங்குவான் என்று காட்டுவதற்கு. போஸ்ட்-பேக்கில் சாதித்தும் இன்னும் சந்தேகம் தீராதவர்களுக்கு அது பொருந்தும். அங்கே சுமாராகப் படித்தால், அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியையும் நம்பவைப்பது மிகவும் கடினம். செலவையும் பாருங்கள், கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் பெரிய தொகை. 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மாஸ்டர்ஸ் மாணவர் மத்திய அரசிடம் வருஷத்துக்கு 20,500 டாலர்தான் வாங்க முடியும். மிச்சத்தைத் தனியார் கடனாக எடுக்க நேர்ந்தால் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். மருத்துவக் கல்லூரிக் கடன் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கரீபியன்: அங்கே படித்து இங்கே நல்ல மருத்துவர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் உடனே சீட் தருகிறவர்கள் எத்தனை பேரை நான்கு வருஷத்தில் பட்டத்தோடு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் நின்றவர்களின் கடனை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. முடித்து வந்தாலும், வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் ரெசிடென்சி கிடைப்பது மூன்றில் இரண்டு பேருக்குத்தான். இங்கேயே எம்.டி.யோ டி.ஓ.வோ முடிக்கிறவர்களுக்கு அது தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல். மூன்று பேரில் ஒருவர் பட்டமும் கடனும் வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் நிற்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே இருக்கும் எல்லா வழியையும் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய இடம் அது.

உங்கள் அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்தியாவில் நீட் எழுதி, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு முதலிலிருந்து ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்து, திரும்பி வந்தால் இங்கே அவனும் வெளிநாட்டுப் பட்டதாரிதான். பட்டம் முடித்த பையனுக்கு அது நீண்ட சுற்று.

ஒரு வேலை செய்யுங்கள். ஜி.பி.ஏ. ஒரு பக்கம், எம்கேட் ஒரு பக்கம் வைத்து, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. ஒரு அட்டவணை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மகனோடு சேர்ந்து அவனுடைய கட்டத்தையும், எம்கேட் 512 ஆனால் எந்தக் கட்டம் என்பதையும் பாருங்கள். சொந்தக்காரர்கள் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: எனக்கு 31 வயது. கோயம்புத்தூரில் பயோடெக்னாலஜி பி.டெக். படித்தேன், 61 சதவீதம், இரண்டு அரியர். கல்யாணமாகி டெக்சாஸ் வந்து, இப்போது கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே மருத்துவராக ஆசை. அந்த 61 சதவீதம் என்னைத் தடுக்குமா?
— வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: தடுக்காது. வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண்ணை ஆம்காஸ் ஜி.பி.ஏ. கணக்கில் சேர்ப்பதில்லை. அரியரும் அப்படித்தான். ஆனால் அந்தப் பட்டம் உங்களைத் தூக்கிவிடவும் செய்யாது. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது, டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்று. அதன் வழியே போக அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள கல்லூரியில் 90 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று வருஷப் படிப்பு. எப்படியும் படிக்கத்தான் வேண்டும் என்பதால், உங்கள் ஊர்ப் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இளநிலைப் பட்டமாகச் சேர்ந்துவிடுவது நல்லது.

நீங்கள் இருக்கும் மாநிலம் உங்களுக்குச் சாதகம். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் பத்து விழுக்காடு போக மற்றவை டெக்சாஸ்வாசிகளுக்குத்தான் என்று சட்டமே இருக்கிறது. கட்டணமும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் குறைவு. ஜி.பி.ஏ. கணக்கில் பிளஸ், மைனஸ் பார்க்க மாட்டார்கள். ஏ மைனஸும் ஏதான். கிரீன் கார்டு கிடைத்த பிறகு இதைத் தொடங்குகிறீர்கள் என்பதும் பெரிய நிம்மதி. மாணவர் விசாவில் இருப்பவர்களைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை. இந்த இதழைப் படிக்கும் எச்-4 விசா (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளை ப்ரீ-மெட் என்று முடிவெடுப்பதற்கு முன்.

முதல் செமஸ்டரில் பொது வேதியியலும் ஒரு ஆங்கிலப் பாடமும் மட்டும் எடுங்கள். படிப்பை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. உங்கள் கட்டத்தின் முதல் வரி இப்போதுதான் எழுதப்படப் போகிறது. வீட்டில் குழந்தை இருந்தால், ஆய்வுக்கூட வகுப்பு நடக்கும் மாலைகளில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கணவரோடு இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: இரண்டாம் ஆண்டில் பாட்டி இறந்து, நானும் மனமுடைந்து இரண்டு சி, ஒரு டி வாங்கினேன். இப்போது இரண்டு வருஷமாக ஏ. விண்ணப்பக் கட்டுரையில் இதை எப்படி எழுதுவது?
— மாணவி, ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: ஆம்காஸ் சுயவிவரக் கட்டுரைக்கு இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துக்கள்தான். ஏன் மருத்துவர் ஆக வேண்டும் என்று சொல்லவே அது பத்தாது. அங்கே டியைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டாம் கட்டக் கேள்விகளில் பல கல்லூரிகள் "உங்கள் மதிப்பெண்ணில் விளக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா" என்று நேராகவே கேட்கும். அதுதான் இடம். மூன்று நான்கு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, யாரிடம் உதவி கேட்டேன், எதை மாற்றினேன், அதற்குப் பிறகு என்ன மதிப்பெண். பாட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேராசிரியர் கடுமையானவர், பாடம் நியாயமில்லை என்பதுபோன்ற சொல் ஒன்றுகூட வேண்டாம். நேர்காணலில் கேட்டாலும் இதே அளவில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும், அதில் தவறில்லை.

பரிந்துரைக் கடிதம் இன்னும் வலுவானது. இந்த இரண்டு வருஷத்தில் உங்களுக்கு ஏ கொடுத்த அறிவியல் பேராசிரியர் ஒருவரிடம், டி உள்ள சான்றிதழ் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். "அன்றைய மதிப்பெண்ணுக்கும் இன்றைய மாணவிக்கும் சம்பந்தமில்லை" என்று அவர் எழுதினால் குழு அதை நம்பும். மே மாதம் எல்லாரும் போய் நிற்பார்கள். நீங்கள் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள்.